ஒரு டிரம்ஸ் வாத்தியக்காரர் கண்டுபிடிச்ச எஃப்எம்

எஃப்எம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரேடியோதானே. என்னை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குக் கூடவே செமஸ்டர் எக்ஸாமும் பெஸல் ஃபங்ஷனும் ஞாபகம் வரும். இன்னைக்கு அதே ஃபார்முலா எப்படி ஒரு இசைக்கருவியா மாறிச்சுன்னு பார்க்கப் போறோம். அதை மாத்தினவர் இன்ஜினியர் இல்ல. ஜான் சௌனிங்னு ஒரு அமெரிக்கர். அடிப்படையில டிரம்ஸ் வாசிக்கிறவர்.

1957-ல பெல் லேப்ஸ்ல மேக்ஸ் மேத்யூஸ் ஒரு புரோகிராம் எழுதினார். ஐபிஎம் 704 கம்ப்யூட்டர் அதை வச்சு 17 செகண்டு இசையை உருவாக்கிச்சு. ஒலி அலையை எண்களா எழுதி ஸ்பீக்கருக்கு அனுப்பினா எந்தச் சத்தத்தையும் உருவாக்கலாம்னு 1963-ல மேத்யூஸ் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். ஸ்டான்ஃபோர்டுல இசை படிச்சிட்டிருந்த சௌனிங் கையில அந்தக் கட்டுரை கிடைச்சுது. 1964-ல நேரா பெல் லேப்ஸுக்கே போய், ஒரு பெட்டி பஞ்ச் கார்டோட திரும்பி வந்தார்.

இப்போ கொஞ்சம் அடிப்படை. ஒரு செகண்டுக்கு 440 தடவை அதிர்ந்தா அது 440 ஹெர்ட்ஸ். 880 ஆக்கினா அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேல. நடுவுல இருக்கிற 12 படிக்கும் ஒவ்வொரு தடவையும் சுமார் 1.0595-ஆல பெருக்கிக்கிட்டே போகணும். கவனிங்க, கூட்டல் இல்ல, பெருக்கல். நம்ம காது ஸ்வரங்களுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை வித்தியாசத்தால அளக்கிறதில்ல, விகிதத்தால அளக்குது. இந்த விகிதத்தை மறந்துடாதீங்க, பின்னாடி திரும்ப வரும்.

1967-ல ஸ்டான்ஃபோர்டு ஏஐ லேப்ல சௌனிங் வைப்ரேட்டோவை வச்சு விளையாடிட்டிருந்தார். வயலின்காரர் விரலை லேசா ஆட்டி ஸ்வரத்தை அசைப்பாரே, அதுதான் வைப்ரேட்டோ. மனுஷன் ஒரு செகண்டுக்கு ஆறேழு தடவை ஆட்டலாம். கம்ப்யூட்டருக்கு என்ன கஷ்டம்? செகண்டுக்கு நூறு தடவை, அதுக்கும் மேலன்னு ஏத்திக்கிட்டே போனார். ஒரு கட்டத்துல அசைவே காதுல விழல. பதிலா, இதுவரை இல்லாத ஒரு புது ஒலி கேட்டுது.

ஏன்? 400 ஹெர்ட்ஸ் அலையை 100 ஹெர்ட்ஸ் வேகத்துல ஆட்டினா 300, 500, 200, 600னு ரெண்டு பக்கமும் புது அலைகள் முளைக்கும். எல்லாமே 100-ஓட மடங்கு. அதனால காது அதை ஒரே கருவியோட சத்தமா எடுத்துக்கும். 100-க்குப் பதிலா 283-ல ஆட்டுங்க. 117, 683, 966னு வரும். இதெல்லாம் வரிசையான மடங்குகளா நிக்காது. அதான் மணி அடிச்ச மாதிரி, உலோகம் தட்டின மாதிரி கேட்குது. ரெண்டு அலைக்கும் நடுவுல இருக்கிற விகிதத்தை அப்படியே வச்சுக்கிட்டு ஸ்வரத்தை மட்டும் ஏத்தினா, கருவியோட குணம் மாறாது. ஸ்வரமும் விகிதம், ஒலியோட நிறமும் விகிதம்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். ஒரு மணிச் சத்தத்தைத் தனித்தனி அலைகளா அடுக்கிக் கட்டணும்னா அலைகளை டஜன் கணக்குல சேர்க்கணும். அந்தக் கால மெஷின்ல அது ரொம்பச் செலவு. சௌனிங்குக்கு ரெண்டு அலை போதும்.

ஆனா அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளுக்கு இதோட மதிப்பு புரியல. ஜப்பான்ல இருந்து வந்த யமஹா இன்ஜினியர் சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டார். இதுக்கு நடுவுல ஸ்டான்ஃபோர்டு சௌனிங்குக்கு நிரந்தர வேலை தரல. ஒரு இசை ஆசிரியர் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து என்ன பண்றார்னு எந்தத் துறையோட கணக்குலயும் எழுத முடியாத காலம் அது. அப்புறம் யமஹா உரிமத்தை வாங்கிச்சு, பல்கலைக்கழகம் அவரைத் திரும்பக் கூப்பிட்டுது. 1983-ல டிஎக்ஸ்7 கீபோர்டு வந்துச்சு. எண்பதுகளோட பாப் பாட்டுல கேட்கிற அந்தக் கண்ணாடி மாதிரியான எலக்ட்ரிக் பியானோ பெரும்பாலும் அதோடதுதான். அந்தக் காப்புரிமையால ஸ்டான்ஃபோர்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல கிடைச்சுது.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது பணம் இல்ல. அந்தச் சமன்பாடு ரேடியோ இன்ஜினியர்கள் கிட்ட பல வருஷமா இருந்துச்சு. அவங்க அதைச் செய்தி அனுப்பத்தான் பயன்படுத்தினாங்க. அதைக் காதால கேட்டுப் பார்த்து, இதுல இசை இருக்குன்னு கண்டுக்கிட்டவர் ஒரு இசைக்காரர்.

நீங்களும் கேட்டுப் பாருங்க. டெக்ஸெட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கிட்டத்தட்ட டிஎக்ஸ்7-ஏதான். ஆறு ஆபரேட்டர்ல நாலை அணைச்சிட்டு, ஒன்னு இன்னொன்னை ஆட்டுற மாதிரி ரெண்டை மட்டும் வச்சுக்கோங்க. விகிதத்தை 1-ல இருந்து 1.41-க்கு மெதுவா நகர்த்துங்க. சாதாரண ஸ்வரம் உங்க கண்ணு முன்னாடியே மணியா மாறும். பெஸல் ஃபங்ஷனை அதுக்கப்புறம் படிங்க, இந்தத் தடவை நல்லாவே புரியும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.