நைனியப்பப் பிள்ளைக்கு விழுந்த ஐம்பது சவுக்கடி



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது வக்கீல். "சார், சட்டப்படி எல்லாம் சரியா நடந்துட்டா அது நீதிதானே?" என்று கேட்டாள். அதற்குப் பதிலாகப் புதுச்சேரியிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. காபி ஆறிப்போகும் வரை பேசியும் முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ரங்கப்பிள்ளை வீதி உங்களுக்கெல்லாம் தெரியும். நாட்குறிப்பு எழுதிய அந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் அப்பா திருவேங்கடம் பிள்ளை. அவருடைய மைத்துனர் நைனியப்பப் பிள்ளை, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். கம்பெனிக்கும் ஊர் வணிகர்களுக்கும் நடுவில் நின்றவர். அவர் இந்து. அந்தப் பதவிக்குக் கிறிஸ்தவர்தான் வர வேண்டும் என்று சேசு சபைப் பாதிரிமார் வற்புறுத்திவந்தார்கள். 1716 பிப்ரவரியில் ஆளுநர் எபேர் அவரைச் சிறையில் போட்டார். கொடுங்கோன்மை செய்தார், கலகம் தூண்டினார் என்பவை குற்றச்சாட்டு.

விசாரிக்காமல் தண்டித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கேள்வி கேட்டார்கள், சாட்சிகளை அழைத்தார்கள், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். ஆனால் சாட்சிகள் சொன்னது தமிழ். அது போர்த்துக்கீசியம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய்ப் பதிவானது. மொழிபெயர்த்தவர் பாதிரிமாரின் தலைமை உபதேசியாருடைய மகன்! என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டோம் என்று பின்னாளில் சாட்சிகள் சொன்னார்கள்.

ஜூனில் தீர்ப்பு. கடைவீதியில் ஐம்பது சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல், பிறகு ஊரை விட்டு விலக்கு. நேற்றுவரை கைகட்டி நின்ற வணிகர்கள் முன்னால் அடி. அப்போது ரங்கப்பிள்ளைக்கு ஏழு வயது. 1717 ஆகஸ்டில் நைனியப்பர் சிறையிலேயே இறந்தார்.

பிள்ளைகள் விடவில்லை. பிரான்சுக்கு மனு மேல் மனு போனது. மறுவிசாரணை நடந்தது, பழைய தீர்ப்பு தள்ளுபடியானது, குற்றமற்றவர் என்று ஆணை வந்தது. மூத்த மகன் குருவப்பா பாரிசுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார், அரசப் பிரதிநிதி ஓர்லியான் கோமகனே அவருக்கு ஞானத்தந்தை. (இது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.) அப்பாவின் பதவியோடு திரும்பி வந்தவர் 1724-ல் காலமானார்.

எல்லாம் திரும்பக் கிடைத்தது என்பார்கள். எனக்கு ஒன்று உறுத்துகிறது. அடி ஊர் பார்க்க விழுந்தது. குற்றமற்றவர் என்ற சொல் காகிதத்தில் வந்தது. வந்தபோது கேட்க அவர் இல்லை.

இதை மாணவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் குரல் கம்மிவிட்டது. அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் தேர்வுக் கட்டணப் பணம் 120 ரூபாய் காணவில்லை. நானும் முறைப்படிதான் விசாரித்தேன்! இரண்டு பையன்கள் ஒருவனைக் கைகாட்டினார்கள். அவன் கடலோரக் குப்பத்துப் பிள்ளை. நான் கேட்கக் கேட்கப் பேசாமல் நின்றான். பயத்தில் நாக்கு எழவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன். காலை வழிபாட்டில் எல்லார் முன்னாலும் பிரம்பால் அடித்தேன்.

எட்டு நாள் கழித்து என் வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள்ளேயே பணம் இருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "போனால் போகுது, மறந்துடுடா" என்றேன். வழிபாட்டில் சொல்லவில்லை. கௌரவம் தடுத்தது. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அந்த வகுப்புப் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். அவன் பணத்தை எடுக்கவில்லை. வைத்த இடத்தை மறந்தவன் நான். அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவன் பெயரை இங்கே போட வேண்டாம். இந்தப் பதிவை மட்டும் அவனுக்குக் காட்டுங்கள். நான் போய்ப் பார்க்கிறேன்.