வெலிங்டனின் பூட்ஸும் நமது வகுப்பறையும்: புதுச் சப்பாத்தைப் பழக்கிய கதை



இந்தத் தவணை தொடங்கி மூன்றாம் நாள். தரம் 6 வகுப்பில் ஒரு பிள்ளை சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்துச் செருப்புப் போல இழுத்துக்கொண்டு வந்தான். நாம் வாசலிலேயே நிறுத்தி, "ஒழுங்கா போடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. குனிந்து சப்பாத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தான். இடைவேளையில் பார்த்தால் வெள்ளைச் சொக்ஸின் குதிகாலில் இரத்தம்.

"புதுசு சேர், கடிச்சிட்டு" என்றான்.

"பழகினா சரியாகிடும் மகன்" என்று சொல்லிப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டோம். நமக்கு வாப்பா சொன்னதும் இதையேதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பழகுவது எது, சப்பாத்தா, காலா? வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஆள் வேறு வேறு பதில் கிடைத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

'சப்பாத்து' என்ற சொல்லே போர்த்துக்கேயரிடம் இருந்து வந்தது. அவர்கள் 'சப்பாத்தோ' என்றார்கள், நாம் சப்பாத்து ஆக்கிக்கொண்டோம். சிங்களத்திலும் 'சபத்து' என்றுதான் சொல்கிறார்கள். சொல்லைத் தந்தவர்கள் போர்த்துக்கேயர் என்றால், சப்பாத்தின் சரித்திரத்தில் பெயர் போட்ட ஒரு பிரித்தானியரும் நமது கரைக்கு வந்து போயிருக்கிறார்.

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போது 'வெலிங்டன் இருந்த வீடு' என்று காட்டுவோம். அப்போது அவர் வெலிங்டன் அல்ல. ஆதர் வெல்லஸ்லி என்ற 31 வயதுக் கேணல். 1800ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு படையெடுப்புக்குத் தலைமை தாங்கத் திருகோணமலைக்கு அனுப்பப்பட்டார். 1801இன் தொடக்கத்தில் படையோடு பம்பாய்க்குப் போனார். அங்கே தலைமை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது, இவர் காய்ச்சலிலும் தோல் நோயிலும் படுத்துவிட்டார். அவர் போகவிருந்த கப்பல் கடலில் மூழ்கிப் போனதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நோய் தப்பவைத்த அந்த ஆள்தான் பதினான்கு வருடம் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தார்.

இன்று வயலில், மீன் சந்தையில், மழை வெள்ளத்தில் போடுகிற ரப்பர் கம்பூட்ஸை ஆங்கிலத்தில் 'வெலிங்டன்' என்றுதான் சொல்கிறார்கள். அது அவரது பெயர். அவர் போட்டது ரப்பர் அல்ல, தோல். அந்தக் காலத்து அதிகாரிகள் முழங்கால் வரை உயர்ந்த, முன்னால் குஞ்சம் தொங்கும் ஹெசியன் பூட்ஸ் போட்டுத்தான் குதிரை ஏறினார்கள். பிறகு காற்சட்டை நீளமாகிப் பூட்ஸுக்கு மேலால் விழத் தொடங்கியது. அதற்கேற்ப, இலண்டன் சென் ஜேம்ஸ் வீதியில் கடை வைத்திருந்த ஹோபி என்ற சப்பாத்துத் தைப்பவரிடம் குஞ்சத்தை எடுத்து, உயரத்தைக் குறைத்து, காலோடு ஒட்டினாற் போல் கன்றுத் தோலில் தைத்துத் தரும்படி வெலிங்டன் சொன்னார். அதுதான் பெயர் பெற்றது.

புதுச் சவாரிப் பூட்ஸ் என்பது இலேசுப்பட்ட விடயம் இல்லை. அன்றைய இங்கிலாந்தில் தடித்த தோலை ஓக் மரப்பட்டை ஊறிய குழிகளில் ஒரு வருடம் வரை போட்டுப் பதனிட்டார்கள். அப்படி வந்த தோல் பலகை மாதிரி நிற்கும். பூட்ஸை உள்ளே பட்டியில் கொக்கி மாட்டி இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். கழற்ற, குதிகாலைக் கவ்விப் பிடிக்கிற பிளவுள்ள ஒரு மரக்கட்டை வேண்டும். புதிதில் மேல் விளிம்பு முழங்காலின் பின்மடிப்பை அறுக்கும். நாளாக நாளாகக் கணுக்காலில் தோல் மடிந்து சுருக்கம் விழும், பூட்ஸ் ஓர் அங்குலம் அளவு கீழே இறங்கும். அதனால் அனுபவமுள்ள தையற்காரர் முதலிலேயே கொஞ்சம் உயரமாகத் தைப்பார். முதல் சில வாரம் வலிக்கும் என்பதும் அந்தக் கணக்குக்குள் சேர்ந்ததுதான்.

தோல் ஏன் பழகுகிறது? அது மிருகத்தின் உடம்பில் இருந்த நார்ப் பின்னல். உடம்புச் சூடும் வியர்வை ஈரமும் பட, நடையில் வளைய வளைய, அந்த நார்கள் ஒன்றின் மேல் ஒன்று மெல்ல நகர்ந்து புதிய இடத்தில் படிந்துகொள்கின்றன. கொழுப்போ மெழுகோ பூசினால் அந்த நகர்வு இலகுவாகும். நனைத்துக் காலில் போட்டுக் காயும் வரை நடப்பது பழைய சிப்பாய்களின் வழி. நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தால் நார் சுருங்கி, தோல் வெடித்துவிடும். அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும் பொருள் அது.

இப்போது 1815க்கு வருவோம். எல்பாத் தீவில் இருந்து தப்பிய நெப்போலியன் மார்ச் 20இல் பரிசுக்குள் நுழைந்துவிட்டார். ஐரோப்பா முழுக்கப் பதற்றம். வெலிங்டன் ஏப்ரல் தொடக்கத்தில் பிரசல்ஸ் வந்து படை திரட்டுகிறார். வந்து சில நாட்களிலேயே, ஏப்ரல் 11ஆம் திகதி இலண்டனில் இருக்கும் ஹோபிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நீ கடைசியாக அனுப்பிய பூட்ஸ் இன்னமும் கெண்டைக்காலில் இறுக்கம், உயரமும் ஒன்றரை அங்குலம் போதாது, திருத்தித் தைத்து இன்னும் இரண்டு சோடி அனுப்பு. விடயம் அவ்வளவுதான். ஜூன் 18இல் வாட்டர்லூ. அன்று காலையில் இருந்து இரவு வரை அவர் கோப்பன்ஹேகன் என்ற தன் குதிரையின் மேல்தான் இருந்தார்.

அந்தக் கடிதத்தில் ஒரு சொல் முக்கியம்: 'இன்னமும்'. அதாவது முதலிலும் பிழை சொல்லியிருக்கிறார், திருத்தி வந்ததையும் ஏற்கவில்லை. கடல் கடந்து, போர் நெருங்கும் வேளையில், 'பொருந்தவில்லை, மாற்று' என்று சொல்ல அவரால் முடிந்தது. அவரிடம் யாரும் 'பழகினா சரியாகிடும்' என்று சொல்லவில்லை.

அதே படையில் நடந்து போன சாதாரணச் சிப்பாயின் காலில் என்ன இருந்தது? இடது வலது என்ற வித்தியாசமே இல்லாத, நேராகத் தைத்த சப்பாத்து. இரண்டும் ஒரே அச்சு. எந்தச் சோடியையும் எந்தக் காலிலும் போடலாம். ஒரு பக்கம் மட்டும் தேயாமல் இருக்க நாளுக்கு நாள் கால் மாற்றிப் போடும்படி சிப்பாய்களுக்குக் கட்டளை இருந்தது. வலது காலில் முதலில் அணிவது சுன்னத் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தச் சிப்பாயின் சப்பாத்திலோ வலது என்று ஒன்றே கிடையாது! இன்று வலது காலுக்குப் பழகத் தொடங்கிய தோலை நாளைக்கு இடது காலில் மாட்டினால் அது எந்தக் காலுக்குத்தான் பழகும்? சப்பாத்து பழகவில்லை, கால்தான் காய்த்துப் போனது. மேலதிகச் சோடி வேண்டுமென்றால் அதற்கான காசு சம்பளத்தில் கழிக்கப்பட்டது.

நமது மார்க்க நூல்களிலும் தோல் காலணியின் பேச்சு இருக்கிறது. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி நபி (ஸல்) அவர்களுக்குக் கறுப்பு நிறக் குஃப் ஒரு சோடி அன்பளிப்புச் செய்ததாக ஹதீஸில் வருகிறது. குஃப் அணிந்தவர் ஊரில் இருந்தால் ஒரு பகல் ஓர் இரவும், பிரயாணி என்றால் மூன்று பகல் மூன்று இரவும் அதைக் கழற்றாமல் மஸ்ஹு செய்துகொள்ளலாம். நடக்கிறவனின் காலுக்கு மார்க்கம் காட்டிய இலகு அது.

அந்தச் சிப்பாய்களின் கால்களை ஒருவர் கவனித்தார். 1809 ஜனவரியில் ஸ்பெயினின் கொருன்னாவுக்குப் பின்வாங்கிய பிரித்தானியப் படை கப்பலேறி இங்கிலாந்து திரும்பியது. பனி மலைகளில் நடந்த அந்தப் பயணத்தில் பலரது சப்பாத்துகள் பிய்ந்து போய்விட்டன. காலில் கந்தல் துணி சுற்றி இறங்கினார்கள். போர்ட்ஸ்மத்தில் அதைக் கண்டவர் மார்க் புருனல் என்ற பொறியியலாளர். பின்னாளில் தேம்ஸ் நதிக்குக் கீழால் சுரங்கம் அமைத்தவரும் இவரே. இலண்டன் பற்றர்சீயில் படைக்குச் சப்பாத்துச் செய்யும் இயந்திரங்களை நிறுவினார். இயந்திரங்களில் வேலை செய்தவர்கள் போரில் ஊனமுற்ற சிப்பாய்கள். சப்பாத்துகள் ஒன்பது அளவுகளில் வந்தன. ஒரு நாளைக்கு 400 சோடி வரை செய்ய முடிந்ததாகச் சொல்வார்கள்.

ஒன்பது அளவு என்பது இன்று சிறிய விடயமாகத் தெரியும். ஆனால் காலைப் பார்த்துத்தான் சப்பாத்து செய்ய வேண்டும், சப்பாத்தைப் பார்த்துக் காலைச் செய்யக் கூடாது என்ற எண்ணம் சாதாரணச் சிப்பாய்க்கும் எட்டியது அதில்தான். முடிவு சோகமானது. 1815இல் போர் முடிந்ததும் அரசு வாங்குவதை நிறுத்தியது. செய்து வைத்த சோடிகள் தேங்கின. மரம் அறுக்கும் ஆலையும் தீப்பற்றி நட்டம். 1821இல் புருனல் கடனுக்காகச் சிறை போனார். சில மாதத்தில் அரசு கடனைக் கட்டி வெளியே எடுத்தது.

'ஒரு கொப்புளம்தானே' என்று நினைக்காதீர்கள். 1924 ஜூன் இறுதியில் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜின் மகன் வெள்ளை மாளிகை மைதானத்தில் சொக்ஸ் இல்லாமல் சப்பாத்துப் போட்டு டெனிஸ் விளையாடினான். கால் விரலில் ஒரு கொப்புளம். அது கிருமி பிடித்து இரத்தத்தில் ஏறியது. ஜூலை 7இல் 16 வயதில் மௌத்தாகிவிட்டான். பெனிசிலின் கண்டுபிடிக்க இன்னும் நான்கு வருடம் இருந்தது. நாட்டின் தலைவரிடம் இருந்த வைத்தியர்கள் எல்லோராலும் முடியவில்லை.

இன்று மருந்து இருக்கிறது. ஆனால் நமது ஊரில் வீட்டுக்கு வீடு சீனி வருத்தமும் இருக்கிறது. காலில் உணர்வு குறைந்த வாப்பாவுக்கு, மூத்தம்மாவுக்கு, கடிக்கிற சப்பாத்து கடிப்பதே தெரியாது. அவர்களுக்குப் 'பழக்குவது' என்ற பேச்சே வேண்டாம். முதல் நாளே பொருந்த வேண்டும். தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறு காயம் என்றாலும் கிளினிக்கில் காட்டுங்கள்.

பெற்றோருக்கும் சில வார்த்தை. பாடசாலைச் சப்பாத்துகளில் பல உண்மையான தோல் இல்லை. றெக்சின் தோல் போல நார் நகர்ந்து படியாது. இன்று இறுக்கினால் தவணை முடியும் வரை இறுக்கும். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போங்கள், பின்னேரத்தில் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். சொக்ஸோடு போட்டு நடக்க விடுங்கள். உண்மையான தோல் என்றால் ஒரு வாரம் வீட்டுக்குள் தினம் அரை மணித்தியாலம் போட்டுப் பழக்குங்கள். நனைந்தால் அடுப்படியில் வைக்க வேண்டாம், கடதாசி திணித்து நிழலில் காயவிடுங்கள். மூத்தவனின் சப்பாத்தை இளையவனுக்குக் கொடுக்கும்போது கவனம். அது மூத்தவனின் காலுக்குப் படிந்தது. வசதி இல்லாத வீட்டில் வேறு வழி இல்லை என்பது நமக்கும் தெரியும். அந்த இடத்தில் ஆசிரியர்களாகிய நாம்தான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

வெலிங்டனால் கடிதம் எழுத முடிந்தது. சிப்பாயால் முடியவில்லை. தரம் 6 பிள்ளையாலும் முடியவில்லை. பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு வந்ததுதான் அவன் எழுதிய கடிதம். நாம் அதை வாசிக்காமல் ஏசிவிட்டோம்.

அடுத்த நாள் அவனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம். ஏசியதும் எல்லோர் முன்னாலும்தானே. காயம் ஆறும் வரை வகுப்பில் யாரும் செருப்போடு வரலாம் என்றும் சொல்லியிருக்கிறோம்.

இதில் பிழை ஏதும் இருந்தால் கொமன்ட்டில் சுட்டிக்காட்டுங்கள். உங்கள் முதல் சப்பாத்து கடித்த கதை இருந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.