இரண்டு எண்டர் விசைகள்: எடிட்டருக்குள் நிரலை ஓட்டும் வழக்கத்தின் தொடக்கம் பற்றி

ஜேம்ஸ் சோமர்ஸ் 2018 ஏப்ரலில் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரை, அறிவியல் ஆய்வுக் கட்டுரை என்ற வடிவமே காலாவதியாகிவிட்டது என்று வாதிட்டது. அதன் இடம் நோட்புக்குக்கு, அதாவது உரையும் ஓடும் நிரலும் விளைவும் ஒரே தாளில் அமரும் ஏட்டுக்கு உரியது என்பது அவர் கட்சி. அந்த ஏட்டுக்கு அவர் தரும் வம்சாவளி சுருக்கமானது: 1988இல் வோல்பிராமின் மேத்தமேட்டிகா, 2001இல் பெர்னாண்டோ பெரஸின் ஐபைத்தான், 2014இல் ஜூப்பிட்டர். வோல்பிராமின் மூடிய மாளிகைக்கும் பெரஸின் திறந்த சந்தைக்கும் இடையிலான போட்டியாகவே கதை நகர்கிறது. படிக்கச் சுவையான கதைதான். ஆனால் தொடக்கத்தை அவர் தவறான இடத்தில் வைத்துவிட்டார் என்பது என் கருத்து.

அவரை மறுப்பதற்கான சான்று அவர் கட்டுரையிலேயே கிடக்கிறது. மேத்தமேட்டிகாவின் நோட்புக்கை வடிவமைத்த தியடோர் கிரேவுக்கு அந்த எண்ணம் ஆப்பிளின் பழைய நிரல் எடிட்டர் ஒன்றிலிருந்து வந்தது என்கிறார் சோமர்ஸ். நிரலில் வேண்டிய பகுதியைத் தேர்ந்து அதை மட்டும் ஓட்டிப் பார்க்க அந்த எடிட்டர் இடம் கொடுத்ததாம். இரண்டொரு வாக்கியத்தில் இதைச் சொல்லிவிட்டு, வடிவமைப்பில் ஸ்டீவ் ஜாப்ஸ் உதவிய செய்திக்குத் தாவிவிடுகிறார். எடிட்டரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. மூலக்கல்லைக் கண்டவர் அதைப் படிக்கட்டாக மிதித்துப் போனது போலிருக்கிறது.

ஊடாடி ஓட்டுதல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு மரபுகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று கேள்வி–பதில் மரபு. பேசிக் முதல் இன்றைய பைத்தான் வரை இதில் அடங்கும். ஒரு வரி எழுதி எண்டர் தட்டினால் பதில் வரும். எழுதிய வரி மேலே ஓடி மறையும். மற்றது தாள் மரபு. எழுதியது எழுதிய இடத்திலேயே நிற்கும். எந்தப் பகுதியை எப்போது ஓட்டுவது என்பது எழுதுபவர் கையில். இரண்டையும் பிரித்தறிய நான் கைக்கொள்ளும் அடையாளம் எளியது: எண்டர் விசை என்ன செய்கிறது? கேள்வி–பதில் மரபில் வரியை முடிப்பதும் ஓட்டுவதும் ஒரே விசையின் வேலை. தாள் மரபில் புது வரிக்கு ஒரு விசை, ஓட்டுவதற்கு வேறொரு விசை. இந்த உரைகல்லில் உரைத்தால் 2001இன் ஐபைத்தான் முதல் மரபைச் சேர்ந்தது. 2011இல் அதற்கு நோட்புக் வந்து, ஷிப்ட்–எண்டர் ஓட்டும் விசையான பிறகே அது தாளுக்கு மாறியது. சோமர்ஸ் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துவிடுகிறார்.

தாள் மரபு 1988க்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஸ்மால்டாக்கில் எந்த உரையையும் தேர்ந்தெடுத்து ‘செய்’ என்றோ ‘செய்து காட்டு’ என்றோ ஏவலாம். 1985இல் வெளிவந்த குனூ ஈமாக்ஸ் எடிட்டரின் குறிப்புத் தாளில் எண்டர் புது வரி மட்டுமே தரும். கண்ட்ரோல்–ஜே தட்டினால், முன்னே நிற்கும் லிஸ்ப் கோவையைக் கணித்து விடையை அதன் கீழேயே எழுதும். இந்தத் தாள் குறிப்பெழுதவும் லிஸ்ப் கணிக்கவும் என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். ஏடு என்ற பெயர்தான் இல்லை.

இனி சோமர்ஸ் பெயர் சொல்லாத அந்த எடிட்டருக்கு வருவோம். அது 1986இல் வந்த மெக்கின்டாஷ் புரோகிராமர்ஸ் வொர்க்‌ஷாப் ஆகத்தான் இருக்க வேண்டும் என்பேன். அதில் எந்தச் சாளரத்திலும் கட்டளை எழுதலாம். ரிட்டர்ன் விசை புது வரி தரும். எண்டர் விசை, தேர்ந்தெடுத்த பகுதியை ஓட்டும். மேத்தமேட்டிகாவில் ஷிப்டோடு ரிட்டர்ன் தட்டினாலும் ஓடும். எண்கட்டத்து எண்டரைத் தனியாகத் தட்டினாலும் ஓடும். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு வழி? இரண்டாவது வழி பழைய வீட்டின் எச்சம் என்று எனக்குப் படுகிறது. ஷா ஆலமில் என் மேசையிலிருக்கும் மேக் மடிக்கணினியில் எண்கட்டமே கிடையாது. இருந்தும் எப்என் விசையோடு ரிட்டர்னைச் சேர்த்து அழுத்தினால் அந்தப் பழைய எண்டர் உயிர்த்தெழுகிறது.

இந்த வாதத்தின் ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். 1984இன் முதல் மெக்கின்டாஷ் விசைப்பலகையிலேயே எண்டரும் ரிட்டர்னும் தனித்தனி விசைகள். எண்டர் என்றால் ‘உறுதி செய்’ என்பது ஆப்பிளின் பொது வழக்கு. ஆகவே இரண்டு மென்பொருள்களும் தனித்தனியே அந்த வழக்கைப் பின்பற்றியிருக்கலாம். விசை ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அதோடு சோமர்ஸ் தரும் வருணனையும் அப்படியே பொருந்துவதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தமிழ்ப் பக்கம் இந்த வழக்கம் வந்த வழி வேறு. முத்தையா அண்ணாமலையின் எழில் என்ற தமிழ் நிரல்மொழி பைத்தானில் எழுதப்பட்டது. 2009இல் அதைப் பற்றிய கட்டுரை இணையத்தில் வெளியானது. 2013 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கு, எழிலுக்கு அழைக்கும் தலைப்பில் இன்னொரு கட்டுரை வந்தது. பள்ளிப் பிள்ளைகளே அதன் இலக்கு. கோப்பை முழுதாக ஓட்டும் முறையும், வரி வரியாகக் கேட்டுப் பதில் சொல்லும் முறையும் எழிலில் உண்டு. அதாவது கேள்வி–பதில் மரபில் பிறந்த பிள்ளை.

ஆனால் அதன் இலக்கணம் வேறு பக்கம் சாய்கிறது. நிபந்தனையை எழில் இப்படி எழுதும்:

@( வயது > 17 ) ஆனால்
பதிப்பி "வாக்களிக்கலாம்"
முடி

நிபந்தனை முன்னே, ‘ஆனால்’ பின்னே. ‘ஆயினும்’ என்ற பொருளிலேயே இச்சொல்லைப் படித்துப் பழகிய கண்ணுக்கு முதலில் இடறும். ‘அப்படி ஆனால்’ என்று படித்தால் சரியாகிவிடும். ‘முடி’ வராமல் தொகுதி நிறைவு பெறாது. எங்கே நிறுத்தி எதை ஓட்டலாம் என்ற எல்லையைத் தாள் மரபில் தேர்வும் இரண்டாவது விசையும் காட்டுகின்றன. எழிலில் அந்த எல்லையைச் சொல்லே காட்டுகிறது. ஈமாக்ஸ், சுட்டிக்கு முன்னால் முடிந்து நிற்கும் கோவையைத் திரும்பிப் பார்த்துக் கணிப்பது போல, வினை கடைசியில் வரும் நம் வாக்கியமும் முடிந்த பிறகே பொருள் தருவது. எழிலுக்குத் தாள் மரபே பொருந்தும் என்று இதைக் கொண்டு வாதிடலாம். முட்டுக்கட்டை ‘பதிப்பி’: அது ஆங்கில வரிசையில் முன்னே வந்து நிற்கிறது. ஒரு சொல்தான் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிள்ளைகள் முதலில் தட்டச்சுவதே அந்தச் சொல்லைத்தான்.

2013இல் அந்த மாநாட்டில் இருந்தவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் பலர் இருப்பார்கள். எழிலை அன்று வரி வரியாக ஓட்டிக் காட்டினார்களா, கோப்பாகவா என்பதற்குக் கைக்குறிப்போ படமோ உங்களிடம் இருந்தால் அருள்கூர்ந்து எறிந்துவிடாதீர்கள்.