வேலை கிடைப்பதும் வேலையில் நிலைப்பதும்: மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டமும் ஹைதராபாத் அனுபவமும்

ஹைதராபாத்: மாற்றுத்திறனாளி ஒருவருக்கு ஏற்ற வேலையைக் கண்டறிவது, அந்த வேலைக்கு அவரைத் தயார்ப்படுத்துவது, பணியில் சேர்ந்த பின் அவர் அதில் நீடிக்க வழிவகுப்பது ஆகிய மூன்றும் தனித்தனிப் பணிகளாகும். முதல் இரண்டுக்கும் அரசும் தன்னார்வ நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாக ஏற்பாடுகளைச் செய்து வருகின்றன. மூன்றாவது பணியே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது. இம்மூன்றுக்கும் எடுத்துக்காட்டுகள் ஹைதராபாத் நகரில் காணக் கிடைக்கின்றன.

புள்ளிவிவரங்கள் கூறுவது

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். இது மொத்த மக்கள்தொகையில் 2.21 சதவீதமாகும். இவர்களில் ஏறத்தாழ 36 சதவீதத்தினரே ஏதேனும் ஒரு தொழிலில் ஈடுபட்டிருந்ததாக அக்கணக்கெடுப்பு பதிவு செய்தது. ஆண்களில் இந்த விகிதம் சுமார் 47 சதவீதமாகவும், பெண்களில் சுமார் 23 சதவீதமாகவும் இருந்தது.

2018ஆம் ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று, 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் 23.8 சதவீதத்தினர் மட்டுமே வேலை செய்பவர்களாகவோ வேலை தேடுபவர்களாகவோ இருப்பதாகத் தெரிவித்தது. எஞ்சிய நான்கில் மூன்று பங்கினர் வேலை தேடுவோர் கணக்கிலும் இடம்பெறவில்லை. எனவே, வேலையில்லாதோர் விகிதத்தை மட்டும் கொண்டு இவர்களது நிலையை மதிப்பிட இயலாது. அதே ஆய்வின்படி, மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்றிதழ் பெற்றிருந்தோர் 28.8 சதவீதத்தினரே. இடஒதுக்கீடு உள்ளிட்ட சலுகைகள் அனைத்துக்கும் இச்சான்றிதழே நுழைவாயில் என்பதால், பலருக்குத் தடை வேலை வாசலுக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது.

சட்டம் அளிக்கும் உரிமைகள்

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கைக்கு இந்தியா 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பின்னேற்பு அளித்தது. அதற்கு ஏற்ப இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய சட்டம் அவற்றை 21ஆக உயர்த்தியது.

அரசுப் பணிகளில் இருந்த 3 சதவீத இடஒதுக்கீடு 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ளோர் இதற்குத் தகுதி பெறுவர். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு ஆகிய பிரிவுகளுக்குத் தலா 1 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் முதலியோர் மூன்றாவது பிரிவில் அடங்குவர். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு எஞ்சிய 1 சதவீதம் உரியது. ஓர் ஆண்டில் தகுந்தவர் கிடைக்காத இடம் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லப்பட வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் பிற பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு அளிக்கப்பட வேண்டும். அதன் பின்னரே மற்றவர்களைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பலாம்.

தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. எனினும், பணியாளர்களில் 5 சதவீதத்தினராவது மாற்றுத்திறனாளிகளாக இருப்பதை ஊக்குவிக்கும் வகையில் அரசு சலுகைகள் வழங்க வேண்டும் என 35ஆவது பிரிவு கூறுகிறது. 21ஆவது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த பணியிடங்கள், தேர்வு முறை, செய்து தரப்படும் வசதிகள் ஆகியவற்றை அதில் குறிப்பிட்டு, தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும்.

பணியில் நீடிப்பதற்கான பாதுகாப்பு 20ஆவது பிரிவில் உள்ளது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது. பழைய பணியைச் செய்ய இயலாதவருக்கு அதே ஊதியத்தில் வேறு பணி வழங்க வேண்டும். அத்தகைய பணி உடனே இல்லையெனில், அது கிடைக்கும் வரை அல்லது அவர் ஓய்வு பெறும் வரை அவருக்கெனக் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கிப் பணியில் வைத்திருக்க வேண்டும். குறைபாட்டைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுப்பதற்கும் தடை உண்டு.

ஓர் ஓட்டுநரின் வழக்கு

இப்பாதுகாப்பின் எல்லை எது என்ற கேள்வி, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தெலங்கானா மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கு ஒன்றில் எழுந்தது. 2014ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த கழகத்தில் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்த ஒருவருக்கு, மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு இருப்பது கண்டறியப்பட்டது. 2016 ஜனவரியில் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். மாற்றுப் பணி கோரிய அவரது கோரிக்கை ஏற்கப்படவில்லை.

நிறக்குருடு, சட்டம் பட்டியலிடும் குறைபாடுகளில் இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாதவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பதே வழக்கின் மையம். 2025 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், 1979ஆம் ஆண்டில் கழகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டைச் சுட்டிக்காட்டியது. நிறக்குருடு கண்டறியப்படும் ஓட்டுநர்களுக்கு ஊதியப் பாதுகாப்புடன் மாற்றுப் பணி வழங்க அந்த உடன்பாடு வகை செய்திருந்தது. மாற்றுப் பணி இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப் பார்க்காமல் ஒருவரைப் பணியிலிருந்து அனுப்ப முடியாது எனக் கூறிய நீதிமன்றம், எட்டு வாரங்களுக்குள் அவருக்குத் தகுந்த பணி வழங்கவும், இடைப்பட்ட காலத்துக்கான ஊதிய நிலுவையில் 25 சதவீதத்தை அளிக்கவும் உத்தரவிட்டது.

2003ஆம் ஆண்டில் குணால் சிங் வழக்கில், பணியின்போது காலை இழந்த காவலரை விடுவித்தது செல்லாது என உச்சநீதிமன்றம் அறிவித்திருந்தது. அந்தத் தீர்ப்பின் நீட்சியாகவே ஹைதராபாத் வழக்கைக் கருத வேண்டும். வழக்கில் வென்றபோதிலும், அந்த ஓட்டுநர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பணியின்றி இருந்தார் என்பதும், நிலுவையில் நான்கில் ஒரு பங்கே அவருக்குக் கிடைத்தது என்பதும் கவனிக்கத்தக்கவை.

பயிற்சியும் பணியமர்த்தலும்

மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில் மறுவாழ்வு மையங்கள் நாட்டில் முதன்முதலாக 1968ஆம் ஆண்டில் மும்பையிலும் ஹைதராபாத்திலும் தொடங்கப்பட்டன. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இம்மையங்கள் தற்போது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையங்கள் என அழைக்கப்படுகின்றன. சென்னை கிண்டியிலும் இத்தகைய மையம் உள்ளது. விண்ணப்பதாரரால் எவற்றைச் செய்ய இயலும் என்பதை மதிப்பிட்டு, அதற்கேற்ற தொழிலைப் பரிந்துரைத்து, பயிற்சியளித்து, வேலைவாய்ப்புக்கு வழிகாட்டுவது இவற்றின் பணியாகும்.

செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் 1984இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம், அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான பயிற்சி முறைகளை உருவாக்கி வருகிறது. ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பதும், பணியிடத்திலேயே பயிற்றுநர் ஒருவர் உடனிருந்து உதவுவதும், பணியாளர் தேறத் தேற அந்த உதவியைப் படிப்படியாகக் குறைப்பதும் இத்துறையில் ஏற்கப்பட்ட முறைகளாகும்.

தன்னார்வத் துறையில், மீரா ஷெனாய் 2011ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் தொடங்கிய ‘யூத் ஃபார் ஜாப்ஸ்’ குறிப்பிடத்தக்கது. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் அரசின் வேலைவாய்ப்பு இயக்கத்துக்குத் தலைமை வகித்த அவர், கிராமப்புற மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு அடிப்படை ஆங்கிலம், கணினி, பணியிட நடைமுறை ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சி அளித்துத் தனியார் நிறுவனங்களில் சேர்க்கும் முறையை வகுத்தார். வேலை தேடுவோருக்கு மட்டுமன்றி, அவர்களுடன் பணியாற்றவுள்ள மேலாளர்களுக்கும் சக ஊழியர்களுக்கும் விளக்கமளிப்பது இம்முறையின் பகுதியாகும்.

வேலை தேடுபவராக இருக்க வேண்டியவர் வேலை வழங்குபவராக மாறியதற்கு ஸ்ரீகாந்த் பொல்லா எடுத்துக்காட்டு. மசூலிப்பட்டினம் அருகே பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்த அவருக்கு, பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் பாடம் பயில அனுமதி மறுக்கப்பட்டது. நீதிமன்றத்தை நாடி அனுமதி பெற்ற அவர், பின்னர் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றார். 2012ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் அவர் நிறுவிய பொல்லான்ட் இண்டஸ்ட்ரீஸ், பாக்கு மட்டைப் பொருள்களையும் பொதியுறைகளையும் தயாரிக்கிறது. மாற்றுத்திறனாளிகளைப் பணியமர்த்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அவரது வாழ்க்கை 2024இல் இந்தித் திரைப்படமாக வெளியானது.

நிலைத்திருக்கத் தேவையானவை

பணியிடத்தில் செய்து தர வேண்டிய வசதிகள் பெரும்பாலும் எளியவையே. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள், சாய்வுதளம், உயரம் மாற்றத்தக்க மேசை, கூட்டங்களில் எழுத்து வடிவக் குறிப்பு, சிகிச்சைக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்ட வேலைநேரம் ஆகியவை அவற்றுள் சில. நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமையாகாத வரையில் இவற்றைச் செய்து தருவதைச் சலுகை என்று கொள்ளக்கூடாது. அது சட்டம் விதிக்கும் கடமை. ஒரே குறைபாடு உள்ள இருவருக்குத் தேவையானவை ஒன்றாக இருப்பதில்லை என்பதால், பணியாளரிடமே கேட்டறிந்து செய்வதே முறை.

அலுவலகத்துக்குச் சென்று சேர்வதும் வேலையின் ஒரு பகுதிதான். கட்டடங்கள், போக்குவரத்து, இணையதளங்கள் ஆகியவற்றின் அணுகல்தன்மை குறித்த ராஜீவ் ரதூரி வழக்கில், ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையம் உச்சநீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. 2024 நவம்பர் 8 அன்று வெளியான தீர்ப்பு, அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக விடாமல் கட்டாயமாக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

விண்ணப்பதாரர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மருத்துவச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றிருக்க வேண்டும். இரண்டாவதாக, தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும். மூன்றாவதாக, பணியில் சேரும்போதே தேவைப்படும் வசதிகளை எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலை வைத்திருப்பது நலம்.

அரசு அலுவலகங்களில் பாகுபாடு நேர்ந்தால் குறைதீர்ப்பு அலுவலரிடம் புகார் அளிக்கலாம். அவர் இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும். அவரது நடவடிக்கை நிறைவளிக்காவிட்டால் மாவட்டக் குழுவை அணுகலாம். மாநில ஆணையரிடமும் முறையிடலாம். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம்.

பணிக்காலத்தில் உடல்நிலை மாறியவர்கள், விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையொப்பமிடுவதற்கு முன் மாற்றுப் பணி கோரி எழுத்துபூர்வமாக விண்ணப்பிப்பது இன்றியமையாதது. உரிமையைக் கோரியதற்கான அந்தப் பதிவே பின்னாளில் எழும் எந்த முறையீட்டுக்கும் அடிப்படையாக அமையும்.