தானியங்கி கியர் கார்களில் முடுக்கத் தயக்கம்

ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகும் கார் உடனே கிளம்பாமல், ஓரிரு நொடி தாமதித்தோ குலுங்கியோ வேகமெடுக்கும் கோளாறு முடுக்கத் தயக்கம் எனப்படும். நின்று நின்று நகரும் நெரிசலில்தான் இது முதலில் புலப்படும். கொல்கத்தாவின் காளிகாட்டில், ஹாஸ்ரா சந்திப்புக்கும் ராஷ்பிகாரி சந்திப்புக்கும் இடையே பேருந்து, ஆட்டோ, காளி கோயிலுக்கு வரும் கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே ஊர்ந்து செல்லும் காரில் சிறு தயக்கமும் ஆபத்தானது.

பின்னணி

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாரா ஆலையில் உருவான அம்பாசடர், மஞ்சள் டாக்சியாக நகரெங்கும் ஓடியது. டாக்சிகளில் கியரும் கிளட்சும் ஓட்டுநரின் கையிலும் காலிலுமே இருந்தன. அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் மாருதி செலிரியோ ஏஎம்டி கியர்பாக்ஸுடன் வெளிவந்து, தானியங்கி கியரை நடுத்தரக் குடும்பத்தின் விலைக்குள் கொண்டுவந்தது.

வகைகள்

ஏஎம்டி என்பது சாதாரணக் கியர்பாக்ஸ்தான். கிளட்சை இயக்குவதையும் கியர் மாற்றுவதையும் கணினியின் கட்டளைப்படி ஒரு கருவி செய்கிறது. மாற்றும் கணத்தில் இழுவிசை அறுபடுவதால் வரும் லேசான குலுங்கல் அதன் இயல்பு, பழுதன்று. டார்க் கன்வர்ட்டர் வகையில் எண்ணெய் வழியாக விசை கடத்தப்படுகிறது. சிவிடியில் பெல்ட்டும் கப்பிகளும் உள்ளன. இரட்டைக் கிளட்ச் வகையில், உலர் கிளட்ச் உள்ளவை நெரிசலில் சூடேறித் தடுமாறக்கூடும்.

காரணங்கள்

இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி இல்லை. மிதியிலுள்ள சென்சார் தரும் செய்தியைக் கொண்டு கணினி த்ராட்டில் தகட்டைத் திறக்கிறது. அந்தத் தகட்டின் விளிம்பில் கரி வளையமாகப் படிந்தால் காற்றின் அளவு பிசகும். அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், அழுக்கேறிய காற்றளவு சென்சார் ஆகியவையும் தயக்கம் தரும். கியர்பாக்ஸ் பக்கம் எண்ணெய்க் குறைவு, பழைய எண்ணெய், சோலனாய்டு பழுது, கிளட்ச் தேய்மானம் ஆகியவை காரணங்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரில் ஓட்டினால், காற்றுத் துளை வழியே கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் புகலாம். எண்ணெய் பால் நிறமாவது அதன் அடையாளம்.

கண்டறிதல்

ஆர்பிஎம் முள் முதல் சாட்சி. மிதித்தும் முள் ஏறவில்லை என்றால் த்ராட்டில், எரிபொருள், மிதி சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முள் ஏறியும் கார் நகரவில்லை என்றால் சிக்கல் கியர்பாக்ஸிலோ கிளட்சிலோ இருக்கலாம். அடுத்து, ஸ்கேனரில் பிழைக் குறியீடு படிக்க வேண்டும்: பி2135 த்ராட்டில் சென்சார்களின் அளவுகள் ஒத்துப்போகாததையும், பி0741 டார்க் கன்வர்ட்டர் கிளட்ச் சரியாகப் பூட்டாததையும் குறிக்கும். கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்க்கலாம். சிவப்புச் சாயமிட்ட எண்ணெய் கரும்பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் அதன் ஆயுள் முடிந்தது.

சரிசெய்தல்

த்ராட்டிலைச் சுத்தம் செய்த பிறகு, பல கார்களில் ஸ்கேனர் கொண்டு அதன் அளவுகளைக் கணினிக்கு மறுபடி பதிவு செய்ய வேண்டும். பதியாமல் விட்டால் ஐட்லிங் தாறுமாறாகும். சிவிடி எண்ணெய்க்குப் பதில் வேறு தானியங்கி கியர் எண்ணெயை ஊற்றக் கூடாது. நெரிசல் ஓட்டம் கடினப் பயன்பாடாகக் கருதப்படுவதால், கையேட்டில் அதற்கெனக் குறித்த குறுகிய இடைவெளியிலேயே எண்ணெய் மாற்ற வேண்டும். மேம்பாலச் சரிவில் ஏஎம்டி காரை ஆக்சிலரேட்டரால் நிறுத்தி வைத்தால் கிளட்ச் கருகும். பிரேக்கையே பயன்படுத்த வேண்டும்.

கார் திடீரென்று வேகம் இழந்தாலோ ஒரே கியரில் சிக்கிக்கொண்டாலோ ஓரமாக நிறுத்திவிட வேண்டும். மற்றபடி ஃபில்டர், த்ராட்டில், ஸ்கேனர், எண்ணெய் என்ற வரிசையில் பார்த்து முடிக்கும் முன் கியர்பாக்ஸைக் கழற்ற ஒப்புக்கொள்ளக் கூடாது.