நியமனம்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் “மகனுக்கு நியமனம் கிடைச்சிட்டு” என்றால் அரசாங்க வேலை என்றே எல்லாரும் விளங்கிக்கொள்வார்கள். கடையில் சேருகிற பிள்ளைக்கு அந்தச் சொல் அநேகமாக வருவதில்லை. “கடையில நிக்கிறான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘யம்’ என்ற வேருக்கு அடக்குதல், கட்டுப்படுத்துதல் என்று பொருள். அதன் முன் ‘நி’ சேர்ந்து பிறந்தவையே நியமமும் நியதியும். ஆகவே நியமித்தலின் முதற்பொருள் வரையறுத்தல். பதவியில் அமர்த்துதல் அதிலிருந்து கிளைத்தது.

அந்த முதற்பொருளைத்தான் இலங்கையின் 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் முதலாளியிடம் கேட்கிறது. புதிதாகக் கடை திறப்பவர் ஒரே ஒருவரைச் சேர்த்தாலும் பதவி, அடிப்படைச் சம்பளம், தகுதிகாண் காலம், வேலை நேரம், லீவு, மேலதிக நேரக் கொடுப்பனவு, வேலையிலிருந்து நீக்கும் நிபந்தனைகள் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். இதையும் கடிதத்தில் குறித்தால், சம்பளத்தில் ஏன் குறைகிறது என்ற சச்சரவு வராது.

“நம்மட பிள்ளதானே, கடிதம் எதுக்கு?” என்பார்கள். அந்த அன்பு மெய்யானது. ஆனால் குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைக்கச் சொல்வது. நம்பிக்கையாளர்களை விளித்தே அது தொடங்குகிறது. உழைப்புக்கும் அந்தக் கவனம் வேண்டும். கடிதத்தின் தலைப்பில் ‘நியமனக் கடிதம்’ என்றே எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.