அடிமைத்தனம்: யாருடைய பாவம்? யாருடைய பொறுப்பு?
(காரைக்கால் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு)

அடிமை வாணிகம் என்றதும் ஆப்பிரிக்கக் கரையையும் அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களையும் நினைப்பது நமது வழக்கம். அது பிறர் செய்த பாவம், பிற நாட்டு வரலாறு என்னும் எண்ணம் இறையியல் மாணவரிடையேயும் காணப்படுகிறது. காவிரிக் கழிமுகக் கரையின் வரலாறு இவ்வெண்ணத்திற்கு இடந்தருவதில்லை. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சியர் வசமிருந்தது. அதற்கு வடக்கே ஒரு நாள் நடைக்குள் டேனியரின் தரங்கம்பாடி. தெற்கேயும் ஒரு நாள் நடைக்குள் ஒல்லாந்தரின் நாகப்பட்டினம். கொடிகள் வேறாயினும், இக்கரையில் மனிதர் விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர் என்பது இம்மூவர்க்கும் பொதுவான வரலாறு. இதற்கு யார் பொறுப்பு? இது எதனால் ஒழிந்தது? இவ்விரு வினாக்களையும் தனித்தனியே ஆராய்வது போதாது. முதல் வினாவைத் தட்டிக் கழித்தவர்கள் இரண்டாவதற்குச் சரியான விடை காணவில்லை என்பதையே நாம் இங்குக் காட்ட விழைகிறோம்.

ஐரோப்பியர் அடிமைத்தனத்தை இங்குக் கொண்டுவரவில்லை, இருந்ததைப் பயன்படுத்தினர். காரைக்காலுக்கு மேற்கே, பேரளத்தை அடுத்த திருப்பாம்புரத்துக் கல்வெட்டொன்று கி.பி. 1201இல் நிகழ்ந்த ஒரு விற்பனையைக் கூறுகிறது. பஞ்சத்தில் உயிர் பிழைக்க வழியற்ற வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு புதல்வியரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றார். இவ்வாறு பசியினால் அடிமையானோர் ஒருபுறமிருக்க, பிறப்பினாலேயே அடிமையானோர் மிகப் பலர். தஞ்சை வளநாட்டு நெல்வயல்களில் பள்ளர், பறையர் குலத்து உழவர்கள் பண்ணையோடு பிணைக்கப்பட்டிருந்தனர். நிலம் கைமாறியபோது அவர்களும் கைமாறினர்.

போரும் பஞ்சமும் கப்பலும் ஒன்றுசேர்ந்தபோது இக்கொடுமை கடல் கடந்தது. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படையெடுப்பினாலும் பஞ்சத்தினாலும் தஞ்சை நாடு சீரழிந்த காலத்தில், ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கானோரை மலிவான விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பினர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கப்பல்கள் இக்கரை மக்களை மொரீசியஸ் தீவுக்கும், அந்நாளில் பூர்போன் எனப்பட்ட ரெயூனியனுக்கும் கொண்டு சென்றன. உள்நாட்டு ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்துக் கப்பலேற்றிய செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1743ஆம் ஆண்டில் பதிவு செய்கிறது. முதல் போட்டவன் ஐரோப்பியன். ஆள் பிடித்த தரகன் தமிழன். வாங்கியவன், விற்றவன், வரி பெற்ற அரசன், பண்ணையார், கோயில் அதிகாரி ஆகிய ஒவ்வொருவரும் ‘என்னால் மட்டும் நேர்ந்ததன்று’ எனச் சொல்லக்கூடிய நிலையில் இருந்தனர். கூட்டாகச் செய்யும் பாவத்தின் இயல்பே இதுதான்.

அப்படியானால் பிற்காலத்தவராகிய நாம் இதற்கு எவ்வாறு பொறுப்பாவோம்? பிதாவின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்பதே எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தின் போதனை. அதை நாம் மறுக்கலாகாது. ஆனால் உபாகமம் இருபத்தோராம் அதிகாரம் வேறொரு நிலையை முன்வைக்கிறது. வயல்வெளியில் கொலையுண்டு கிடப்பவனைக் கொன்றவன் யாரென்று தெரியாதபோது, மிக அருகிலுள்ள பட்டணம் எது என்று அளந்து காண வேண்டும். அப்பட்டணத்து மூப்பர் தேவனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும். அவர்கள் கொலை செய்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் வாளாவிருக்க முடியாது. குற்றம் என்பது வேறு, பொறுப்பு என்பது வேறு. குற்றம் செய்தவனோடு நிற்கும். பொறுப்போ அருகிலிருப்பவனிடம் வந்து சேரும்.

இனி ஒழிப்பிற்கு வருவோம். வில்பர்போர்ஸ் முதலிய கிறிஸ்தவர்களின் மனச்சான்றே அடிமைத்தனத்தை வீழ்த்தியது என்று பலகாலமாகக் கற்பித்து வந்தோம். அவ்வமைப்பின் பொருளாதார இலாபம் குன்றியதே காரணம் என்று எரிக் வில்லியம்ஸ் 1944இல் வாதிட்டார். அடிமைகளே எழுந்து நின்றதை முன்னிறுத்துவோரும் உண்டு: 1791இல் தொடங்கிய செயின்ட் டொமிங்கோ புரட்சியும், பாப்திஸ்து சபை ஊழியரான சாமுவேல் ஷார்ப் முன்னின்ற 1831ஆம் ஆண்டின் ஜமைக்கா எழுச்சியும் அவர்களது சான்றுகள். இம்மூன்றிலும் உண்மை உண்டு. எனினும் நமது கரையின் வரலாறு வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது: உண்மையில் ஒழிந்தது எது?

1833ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு விலக்களித்தது. இங்கு 1843இல் வந்த ஐந்தாம் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. காரைக்காலுக்கோ 1848 ஏப்ரல் 27ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசு பிறப்பித்த ஆணையே முழு ஒழிப்பை அறிவித்தது. ஒரே வாய்க்கால் நீர் பாய்ந்த வயல்களில், வரப்புக்கு அப்பால் ஓராண்டிலும் இப்பால் வேறோராண்டிலும் விடுதலை எழுதப்பட்டது. பிரிட்டன் தன் குடியேற்றங்களின் எஜமானர்களுக்கு இரண்டு கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. பிரான்சும் 1849இல் தன் குடியேற்றக்காரர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. அடிமைகளாயிருந்தோர்க்கு எதுவும் வழங்கப்படவில்லை. யாருடைய இழப்பை அரசுகள் இழப்பென்று கருதின என்பது இதனால் விளங்கும்.

பின்னர் நிகழ்ந்தது மேலும் சிந்திக்கத்தக்கது. விடுதலை பெற்றோர் விட்டுச் சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் அத்தேவையை நிறைவேற்றும் துறைமுகங்களாயின. ‘அவுரேலி’ என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854இல் குவாதலூப் தீவுக்கும் முதல் இந்தியத் தொழிலாளரைக் கொண்டு சேர்த்தது. காலப்போக்கில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்கு 40,000க்கு மேற்பட்டோரும் சென்றனர். ரெயூனியனுக்குச் சென்றோர் அதனினும் மிகுதி. அவர்களுக்கு ஒப்பந்தமும் கூலியும் உண்டு. ஆகவே அதை அடிமைத்தனமென்றே சொல்லிவிடுவது பொருந்தாது. ஆயினும் அவர்கள் பட்ட துன்பத்தை முன்னிட்டுப் பிரிட்டிஷ் இந்திய அரசே 1882இல் ரெயூனியனுக்கும் 1888இல் பிரெஞ்சுக் கரீபியன் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்த நேர்ந்தது.

ஊரிலேயே தங்கியவர்களின் நிலையும் சட்டத்தினால் மட்டும் மாறிவிடவில்லை. தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்களைக் காக்க 1952இலும், காரைக்காலில் 1966இலும் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. அடிமை ஒழிப்பு ஆணைக்கும் காரைக்கால் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திற்கும் இடையே 118 ஆண்டுகள்! கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டனர். கிறிஸ்து பிறப்பின் பண்டிகையை நாம் ஆசரித்த இரவு அது. மனந்திரும்புதல் இல்லாத ஒழிப்பு பெயரை மாற்றுகிறது, நுகத்தை முறிப்பதில்லை.

திருச்சபை இவ்வரலாற்றிற்கு வெளியே நிற்கவில்லை. 1707 மே 12ஆம் நாள் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் மிஷனில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனிய எஜமானர்களின் அடிமைகளே. நமது சபையின் முதற்பலன் அடிமைகள்! எனினும் அச்சபையின் வழிவந்த ஆலயங்களிலேயே குலத்திற்கொரு பக்கம் ஒதுக்கப்பட்டது. இப்பிரிவினையை உடனே கைவிட வேண்டுமென்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் எழுதியபோது, தஞ்சைச் சபைகளில் கடும் எதிர்ப்பே எழுந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியதும் அதே ஆண்டுதான்.

நெகேமியா ஐந்தாம் அதிகாரம் நமக்கு வழிகாட்டுகிறது. பஞ்சத்தினால் வயல்களை அடகுவைத்துப் பிள்ளைகளை அடிமைப்படுத்திய மக்களின் கூக்குரலைக் கேட்ட நெகேமியா, கடன் கொடுத்தோர் வரிசையில் தன்னையும் தன் சகோதரரையும் சேர்த்தே பேசினான். அன்றைக்கே நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். அறிக்கையும் ஈடுசெய்தலும் ஒன்றாகவே நிகழ்ந்தன. நமது ஊழியத்திலும் அவை பிரியாதிருத்தல் வேண்டும். கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மீட்பதும் மறுவாழ்வளிப்பதும் மாவட்ட ஆட்சியரின் கடமையென வகுத்திருக்கிறது. முன்பணத்திற்காகச் செங்கற்சூளையிலோ அரிசி ஆலையிலோ கட்டுண்டு கிடக்கும் குடும்பம் தன் சேகர எல்லைக்குள் உண்டா என்று கேட்டறிவதும், உண்டெனில் ஆட்சியருக்குத் தெரிவிப்பதும் ஆயரின் பணியே. தூரத்தை அளந்து பார்த்தால், அருகிலுள்ள பட்டணம் நம்முடையதாகவே இருக்கக்கூடும்.